ஆன்டிபாடி இருந்தும் டெங்கு வந்தது ஏன்? வைரஸை முடக்கும் திறனை ஆய்வகங்கள் அளக்கும் விதம்

தாய்லாந்தின் ராட்சபுரி மாகாணத்தில் 2009-இல் தொடங்கிய டெங்கு தடுப்பூசிச் சோதனையின் முடிவு 2012 செப்டம்பரில் வெளியானது. 4 முதல் 11 வயது வரையிலான சுமார் 4,000 பள்ளிக் குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். சனோஃபி பாஸ்டர் நிறுவனத்தின் தடுப்பூசி, ஆறு மாத இடைவெளியில் மூன்று தவணை. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் ரத்தத்தை ஆய்வகத்தில் சோதித்தபோது டெங்கு வைரஸின் நான்கு வகைகளையும் முடக்கும் ஆன்டிபாடிகள் உருவாகியிருந்தன. டெங்கு-2 வகைக்கு எதிரான அளவும் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருக்கவில்லை. ஆனால் காய்ச்சல் வந்த குழந்தைகளைக் கணக்கெடுத்தபோது ஒட்டுமொத்தப் பாதுகாப்பு 30 சதவீதம்தான் என்று தெரிந்தது. டெங்கு-2 வகைக்கு எதிராகப் பாதுகாப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் அப்பகுதியில் மிகுதியாகப் பரவியதும் அந்த வகைதான்.

ஆய்வகம் தந்த எண் நம்பிக்கை ஊட்டியது. ஊருக்குள் நடந்தது வேறு. சோதனையைச் செய்தவர்கள் கவனக்குறைவாகச் செய்துவிட்டார்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருந்தது, அனுபவம் மிக்க கைகள் இருந்தன. அப்படியிருந்தும் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்ற கேள்வி அதற்குரிய அழுத்தத்தோடு கேட்கப்படவில்லை. டெங்கு தடுப்பூசி பற்றிய செய்திகளில் இன்றும் "நான்கு வகைகளுக்கும் எதிராக ஆன்டிபாடி உருவானது" என்ற வரி தவறாமல் வருகிறது. அந்த வரியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் சோதனை மேசைக்குப் போவோம். பரிசோதனையின் பெயர் பிளேக் குறைப்பு முடக்கச் சோதனை. ஆய்வகங்களில் பி.ஆர்.என்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 24 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் வீரோ எனப்படும் குரங்குச் சிறுநீரகச் செல்கள் இடைவெளி இல்லாமல் ஒரே அடுக்காகப் படர்ந்து வளர்ந்திருக்கும். பரிசோதிக்க வேண்டியவரின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரை, 56 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைப்பார்கள். சீரத்தில் இயல்பாகவே உள்ள வேறு சில எதிர்ப்புப் புரதங்கள் குறுக்கிட்டுக் கணக்கைக் கெடுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. பிறகு சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்வார்கள்: பத்தில் ஒரு பங்கு, நாற்பதில் ஒரு பங்கு, நூற்று அறுபதில் ஒரு பங்கு, அறுநூற்று நாற்பதில் ஒரு பங்கு என்று.

ஒவ்வொரு நீர்ப்பிலும் சம அளவு வைரஸ் கரைசலைக் கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் விடுவார்கள். ஆன்டிபாடி வைரஸைப் பிடித்துக்கொள்வதற்கான நேரம் அது. அதன்பின் அந்தக் கலவையைச் செல் அடுக்கின் மேல் ஊற்றி, செல்கள் காய்ந்துவிடாதபடி தட்டைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லச் சாய்த்துக் கொடுப்பார்கள். பிடிபடாமல் தப்பிய வைரஸ் ஏதாவது ஒரு செல்லுக்குள் நுழைந்துவிடும். கடைசியாக, கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் போன்ற ஒரு கெட்டியான குழம்பு மேலே மூடப்படும். உள்ளே பெருகும் வைரஸ் குழி முழுவதும் நீந்திப் பரவாமல் பக்கத்துச் செல்லுக்கு மட்டுமே போகட்டும் என்பதற்காக இது. ஐந்து முதல் ஏழு நாள்வரை இன்குபேட்டரில் காத்திருக்க வேண்டும்.

அதன்பின் குழம்பைக் கொட்டிவிட்டு, ஃபார்மலினில் செல்களை நிலைப்படுத்தி, கிரிஸ்டல் வயலெட் சாயம் ஊற்றிக் கழுவினால் உயிரோடு இருந்த செல்கள் நின்ற இடமெல்லாம் ஊதாவாகத் தெரியும். வைரஸ் தின்று தீர்த்த இடங்கள் மட்டும் வட்ட வட்டமாக வெளுத்திருக்கும். அந்த வெள்ளைப் புள்ளிதான் பிளேக். ஒரு புள்ளி என்றால் தப்பிப் பிழைத்த ஒரு வைரஸ் துகள் என்று கணக்கு. தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, குழி குழியாக எண்ணுவார்கள். சில திரிபுகளில் புள்ளிகள் தெளிவாக, பெரிதாக இருக்கும். சிலவற்றில் ஊசிமுனை அளவில் மங்கலாக இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா, குழியின் விளிம்பில் பாதி தெரிவதைச் சேர்ப்பதா என்பதிலெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். சீரம் சேர்க்காத குழியில் 40 புள்ளிகள். பத்தில் ஒரு பங்கு சீரம் உள்ள குழியில் 2, நாற்பதில் ஒரு பங்கில் 6, நூற்று அறுபதில் ஒரு பங்கில் 16, அறுநூற்று நாற்பதில் ஒரு பங்கில் 31. புள்ளிகளைப் பாதியாகக் குறைக்கும் நீர்ப்பு, அதாவது 20 ஆக்கும் நீர்ப்பு, 160-க்கும் 640-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது. மடக்கை அளவுகோலில் கோடு இழுத்துப் பார்த்தால் சுமார் 230 வரும். இந்தச் சீரத்தின் ஐம்பது சதவீத டைட்டர் 230 என்று எழுதுவார்கள். இதே சீரத்துக்கு, புள்ளிகளைத் தொண்ணூறு சதவீதம் குறைக்கும் நீர்ப்பைக் கேட்டால் விடை சுமார் 20. ரத்தம் ஒன்றுதான், தட்டும் ஒன்றுதான். எண் மட்டும் பத்து மடங்குக்குமேல் மாறிவிட்டது. சீரத்தின் நீர்ப்பை வைரஸ் கலப்பதற்கு முன் கணக்கிடுவதா, கலந்தபின் கணக்கிடுவதா என்பதிலேயே இரண்டு மடங்கு வித்தியாசம் வந்துவிடும். எந்த வழியைப் பின்பற்றினோம் என்று எழுதாமல் டைட்டரை மட்டும் எழுதும் அறிக்கை எனக்கு எரிச்சலூட்டுவதற்குக் காரணம் இதுதான்.

40 புள்ளிகள் என்ற எண்ணிக்கைக்கும் காரணம் இருக்கிறது. வைரஸை அள்ளிப்போட்டால் ஆன்டிபாடி போதாமல் போய் டைட்டர் பொய்யாகத் தாழும். ஆகவே வைரஸ் குறைவாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் தற்செயலின் ஆட்டம் கூடும். சராசரியாக 40 புள்ளிகள் வர வேண்டிய குழிகளில் ஒன்றில் 34, இன்னொன்றில் 46 வருவது சர்வசாதாரணம். தொண்ணூறு சதவீதக் குறைப்பைத் தேடும்போது நான்கு புள்ளிகளை நம்பி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அது இரண்டாகவோ ஆறாகவோ இருந்திருக்கலாம். அதனால்தான் ஒருவருடைய டைட்டர் உயர்ந்திருக்கிறது என்று சொல்ல நான்கு மடங்கு ஏற்றமாவது வேண்டும் என்ற மரபு உருவானது.

செல் வளர்ப்பு முறை வருவதற்கு முன்பு இந்தச் சோதனை உயிருள்ள எலிகளில் நடந்தது. சீரத்தையும் வைரஸையும் எலியின் உடலுக்குள் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று பார்த்தார்கள். 1930-களில் ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் எங்கெல்லாம் பரவியிருந்தது என்ற வரைபடம் இப்படி எலிகளை வைத்தே வரையப்பட்டது. 1952-இல் ரெனாட்டோ டல்பெக்கோ, கோழிக்கருச் செல்களின் ஒற்றை அடுக்கில் விலங்கு வைரஸ் ஒன்று வெள்ளைப் புள்ளிகளை உண்டாக்குவதைக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டதும் கொசு பரப்பும் வைரஸ்தான்: குதிரைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் மேற்கத்திய வகை. பத்தாண்டு கழித்து, 1962-இல், ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் வீரோ செல்வரிசை, அதாவது ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக்கொண்டே போகக்கூடிய செல்கள், உருவானது. 1967-இல் பாங்காக்கில் பணியாற்றிய பிலிப் ரசல், ஆனந்தா நிசாலக் குழுவினர் டெங்குவுக்கான பிளேக் குறைப்புச் சோதனையை வெளியிட்டார்கள். அதே 1967-இல் புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கே.ஆர்.பி. சிங், ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் லார்வாவிலிருந்து செல்வரிசை ஒன்றை உருவாக்கினார். பின்னாளில் அதிலிருந்து பிரித்தெடுத்த சி6/36 என்ற கிளையில்தான் உலகமெங்கும் ஆய்வகங்கள் டெங்கு வைரஸை வளர்க்கின்றன. இந்த வரலாற்றில் புனேயின் பங்கை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை என்பது எனக்குள்ள குறை.

எலிக் காலத்து ஆய்வொன்று இன்றைய விவாதத்துக்கும் உதவும். இந்தியாவில் வசித்தவர்களின் சீரத்தில் பல வைரஸ்களுக்கு எதிரான முடக்கும் ஆன்டிபாடி இருப்பதாக 1954-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் அந்தப் பட்டியலில் இருந்தது. அது சரியான தடயம் என்பது விரைவிலேயே தெரிந்தது. 1955-இல் வேலூரில், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் குழந்தைகளிடம் அந்த நோய் அடையாளம் காணப்பட்டது. அதே கட்டுரை ஸிகா வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியும் இருப்பதாகச் சொன்னது. ஆனால் இந்தியாவில் ஸிகா நோயாளிகள் உறுதி செய்யப்பட்ட செய்தி 2017-இல்தான் வந்தது. முதலில் அகமதாபாத், அடுத்து நம் கிருஷ்ணகிரி மாவட்டம். 1954-இல் கண்டது உண்மையிலேயே ஸிகாவின் தடமா, டெங்குவையோ மூளைக்காய்ச்சலையோ சந்தித்த ஆன்டிபாடிகள் உறவுக்கார வைரஸையும் கொஞ்சம் தடுத்ததன் விளைவா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. 2016-இல் ஸிகா அமெரிக்கக் கண்டங்களில் பரவியபோதும் இதே சிக்கல் வந்தது. ஸிகா, டெங்கு இரண்டுக்கும் எதிரான டைட்டர் 10-ஐத் தாண்டினால் எந்த வைரஸ் என்று பிரித்துச் சொல்ல இயலாது என்றே அறிக்கை எழுத வேண்டியிருந்தது. தன் கர்ப்பத்துக்கு ஆபத்தா என்று அறியக் காத்திருந்த பெண்களுக்கு அந்த அறிக்கை என்ன சொல்லியிருக்கும்?

இப்படிச் சொல்வதால் இந்தச் சோதனையே பயனற்றது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் ஐம்பது சதவீத டைட்டர் குறைந்தது 10 இருந்தால் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஏற்றுக்கொண்டது. எலிச் சோதனைகளும் பல ஆண்டுத் தடுப்பூசி அனுபவமும் அதற்கு அடிப்படை. அந்த ஒற்றை எண்ணை நம்பித்தான் 2009-இல் இக்ஸியாரோ தடுப்பூசி, ஆயிரக்கணக்கானோரிடம் நோய் வருகிறதா என்று பார்க்கும் களச் சோதனை இல்லாமலேயே அனுமதி பெற்றது. அனுமதிக்குப் பிறகும் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. சிக்குன்குன்யாவிலும் இதே வழி. தடுப்பூசி போட்டவர்களின் சீரத்தைக் குரங்குகளுக்கு ஏற்றி, பின்பு வைரஸைச் செலுத்திப் பார்த்து, 150 என்ற டைட்டரை எல்லைக்கோடாக வைத்தார்கள். 2023 நவம்பரில் அமெரிக்கா இக்ஸ்சிக் தடுப்பூசியை அனுமதித்தது அந்த அடிப்படையில்தான். 2025 ஆகஸ்டில் அந்த உரிமம் நிறுத்திவைக்கப்பட்டதற்குப் பக்கவிளைவுகள் காரணம். டைட்டர் கணக்கு பிழைத்துவிட்டது என்பதனால் அல்ல. எப்படியானாலும், திடீரென்று எழுந்து அடங்கும் நோய்களுக்கு இந்த வழி இல்லையென்றால் தடுப்பூசியே கிடைக்காது.

டெங்குவில் மட்டும் ஏன் இந்தக் கணக்கு கைகொடுக்கவில்லை? நான்கு வகைகள் இருப்பது முதல் காரணம். ஒரு வகை தாக்கிக் குணமானவருக்கு அந்த வகைக்கு எதிரான உறுதியான ஆன்டிபாடியோடு, நான்குக்கும் பொதுவான பகுதிகளில் ஒட்டும் ஆன்டிபாடியும் உருவாகிறது. பொது ஆன்டிபாடியின் காவல் சில மாதங்களில் தளர்ந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஆல்பர்ட் சேபின் தன்னார்வலர்களிடம் செய்த சோதனைகளில் வேறு வகையிடமிருந்து பாதுகாப்பு இரண்டு, மூன்று மாதங்களே நீடித்தது. தளர்ந்த பிறகோ நிலைமை இன்னும் மோசம். வைரஸில் ஒட்டியும் அதை முடக்க முடியாத ஆன்டிபாடி, ரத்தத்திலுள்ள சில வெள்ளணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் எஃப்.சி. ஏற்பிகளில் மாட்டிக்கொண்டு வைரஸையும் உள்ளே இழுத்துப் போகிறது. காக்க வேண்டிய ஆன்டிபாடியே வழிகாட்டியாகிவிடுகிறது. 1960-களில் பாங்காக்கில் இரண்டாம் முறை டெங்கு வந்த குழந்தைகள் அதிகமாகக் கடுமையான நிலைக்குப் போவதைக் கண்டு ஸ்காட் ஹால்ஸ்டெட் வளர்த்தெடுத்த கருத்து இது. நிகராகுவாவின் மனாகுவா நகரில் ஆண்டுக்கணக்கில் குழந்தைகளின் ரத்தத்தைச் சேமித்துவைத்த ஆய்விலிருந்து 2017-இல் இதற்கு வலுவான சான்று வந்தது. எலிசா முறையில் (ஆன்டிபாடி ஒட்டுவதை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை) அளந்த ஆன்டிபாடி 21 முதல் 80 வரையிலான நடுத்தர அளவில் இருந்த குழந்தைகளுக்குக் கடுமையான டெங்கு வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்குமேல் கூடியிருந்தது. அதைவிட மிகுதியாக இருந்தவர்களுக்கோ பாதுகாப்பு இருந்தது.

இப்போது அந்த 24 குழித் தட்டை மீண்டும் பாருங்கள். வீரோ செல்லில் எஃப்.சி. ஏற்பி கிடையாது. ஆகவே ஆன்டிபாடி செய்யும் நன்மையை மட்டுமே அந்தச் செல் காட்டும். அதே ஆன்டிபாடி செய்யக்கூடிய தீமை அதன் கண்ணில் படவே படாது. எஃப்.சி. ஏற்பி உள்ள கே-562 போன்ற மனித ரத்தப் புற்றுநோய்ச் செல்வரிசைகளில் அதே சீரத்தைச் சோதித்தால் வேறு படம் கிடைக்கும்: குறைந்த நீர்ப்பில் வைரஸ் முடங்கும், நீர்ப்பு கூடக் கூட ஒரு கட்டத்தில் தொற்று ஆன்டிபாடியே இல்லாத நிலையைவிட மேலேறும், பிறகு மெல்ல இறங்கும். மனித உடலில் டெங்கு வைரஸ் பெருகும் முக்கிய இடங்களில் ஒன்று எஃப்.சி. ஏற்பி உள்ள வெள்ளணுக்கள்தான் எனும்போது, குரங்குச் சிறுநீரகச் செல்லில் எடுத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நாம் எவ்வளவு தூரம் போயிருக்கிறோம்!

வைரஸ் பக்கமும் சிக்கல் உண்டு. ஆய்வகக் குப்பியிலுள்ள வைரஸ் துகள்கள் எல்லாம் ஒரே மாதிரி என்று நினைப்போம். உண்மையில் ஒரே கொடியில் பிஞ்சும் முற்றிய காயும் கலந்து தொங்குவதுபோல இருக்கும். டெங்கு துகளின் மேற்பரப்பில் ஈ எனப்படும் புரதம் 180 பிரதிகள் இருக்கின்றன. துகள் உருவாகும்போது அவற்றைப் பி.ஆர்.எம். என்ற இன்னொரு புரதம் மூடியிருக்கும். செல்லை விட்டு வெளியேறும் வழியில் ஃபியூரின் என்ற நொதி அதை வெட்ட வேண்டும். வீரோ போன்ற ஆய்வகச் செல்களில் இந்த வெட்டு பல துகள்களில் அரைகுறையாக நிற்கிறது. அரைகுறைத் துகளில், முற்றிய துகளில் மறைந்துபோகும் பகுதிகள்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆன்டிபாடி அங்கே எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் நோயாளிகளின் ரத்தத்தில் சுற்றும் டெங்கு-1 வைரஸ் பெரும்பாலும் முற்றியதாகவே இருக்கிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆய்வகத்தில் எளிதாக முடங்கும் வைரஸ், மனிதரைத் தாக்கும் வைரஸுக்குச் சரியான பிரதிநிதியாக இல்லாமல் போகலாம் என்பதே இதன் பொருள். வெப்பநிலையும் விளையாடுகிறது. கொசுவின் உடலுக்குரிய 28 டிகிரியில் வழவழப்பாக இருக்கும் சில டெங்கு-2 திரிபுகள் மனித உடலின் 37 டிகிரியில் புடைத்துத் தளர்ந்து, மறைந்திருந்த பகுதிகளைக் காட்டுகின்றன. இதோடு, பல ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளுக்கு முன் பிரித்தெடுத்து, செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்துப் பழக்கிய திரிபுகளையே பயன்படுத்தின. டெங்கு-3, 4 வகைகளின் பழைய மாதிரிகள் 1956-இல் மணிலாவில் எடுத்தவை.

இந்தக் குறைகள் தெரிந்த பிறகு முறைகள் மாறத் தொடங்கின. புள்ளி வெளுக்கும்வரை காத்திராமல், இரண்டு மூன்று நாளிலேயே தொற்றிய செல் கூட்டங்களை ஆன்டிபாடிச் சாயம் பூசிக் காணும் குவியச் சோதனையில் 96 குழித் தட்டில் வேலை முடிந்துவிடும். கணினிக் கேமராவே எண்ணிவிடும். இன்னொரு முறையில் வைரஸின் வெளிப்புரதங்களை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே பச்சை ஒளி தரும் மரபணுவைப் பொதிந்த துகள்களை உருவாக்குவார்கள். அவை ஒரே ஒரு முறை தொற்றும், பெருகாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் தியோடர் பியர்சன் குழு இதை வளர்த்தெடுத்தது. இந்தத் துகள்களை வேண்டிய அளவு முற்றச் செய்யலாம் என்பதால், முற்றாமை எவ்வளவு ஏமாற்றுகிறது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. வேகமும் வசதியும் கூடின. ஆனால் வேகமாக எடுத்தாலும், "இந்தச் சீரம் இந்த வைரஸை எத்தனை நீர்ப்புவரை தடுக்கிறது?" என்ற பழைய கேள்விக்குத்தான் இவையும் விடை தருகின்றன.

கேள்வியையே மாற்றியது வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அரவிந்த டி சில்வா குழு கையாண்ட முறை. என் மதிப்பில் டெங்கு ஆன்டிபாடி அளவீட்டில் அண்மைக் காலத்தின் மிக முக்கியமான முன்னேற்றம் அது. நுண்மணிகளின் மேல் டெங்கு வைரஸைப் பூசிக்கொள்வார்கள். டெங்கு-2-க்கு எதிரான தனித்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால், மற்ற வகைகளைப் பூசிய மணிகளோடு சீரத்தைக் கலக்குவார்கள். பொதுப் பகுதிகளில் ஒட்டும் ஆன்டிபாடிகள் எல்லாம் மணிகளில் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். மிஞ்சிய சீரத்தை வழக்கமான முடக்கச் சோதனைக்கு அனுப்புவார்கள். இப்போதும் டெங்கு-2 முடங்கினால் அந்த வகைக்கே உரிய ஆன்டிபாடி இருக்கிறது. டைட்டர் சரிந்துவிட்டால், முன்பு கண்ட எண் முழுவதும் இரவல்.

சனோஃபி தடுப்பூசி போட்டுக்கொண்ட, அதற்குமுன் டெங்குவே வந்திராதவர்களின் சீரத்தை இப்படி வடித்துப் பார்த்தபோது, தனித்த ஆன்டிபாடி பெரும்பாலும் டெங்கு-4 வகைக்கு மட்டுமே இருந்தது. மற்ற வகைகளுக்கு எதிராகக் காட்டிய டைட்டரில் பெரும்பகுதி இரவல். ராட்சபுரியின் புதிருக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. நான்கு வைரஸ்களைக் கலந்த தடுப்பூசியில் ஒன்று மேலோங்கிப் பெருகி மற்றவற்றைப் பின்தள்ளியிருக்கிறது; பொது ஆன்டிபாடி அந்தத் தோல்வியைத் திரையிட்டு மறைத்திருக்கிறது. டகேடா நிறுவனத்தின் தடுப்பூசியில் மேலோங்கியது டெங்கு-2. முதலாண்டில் அதன் ஒட்டுமொத்தப் பாதுகாப்பு 80 சதவீதம், டெங்கு-2-க்கு எதிராக மிக உயர்வு. ஆனால் முன்பு டெங்கு வராத குழந்தைகளிடம் டெங்கு-3 வகைக்கு எதிராகப் பாதுகாப்பு தென்படவில்லை; டெங்கு-3-ஐ முடக்கும் டைட்டர் அவர்களிடமும் இருந்தது.

பிலிப்பைன்ஸில் நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். சனோஃபி தடுப்பூசி 2015 டிசம்பரில் அங்கே அனுமதி பெற்றது. 2016 ஏப்ரலில் பள்ளிகளில் போடத் தொடங்கினார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் போட்டுக்கொண்டார்கள். 2017 நவம்பர் 29 அன்று நிறுவனமே அறிவித்தது: முன்பு டெங்கு வராதவர்கள் இதைப் போட்டுக்கொண்டால் பின்னர் கடுமையான டெங்கு வரும் ஆபத்து கூடுகிறது. சில நாள்களில் திட்டம் நிறுத்தப்பட்டது. முன்பு டெங்கு வராத 2 முதல் 16 வயதுக் குழந்தைகளில் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு டெங்கு வந்தவர்கள், ஊசி போட்டவர்களில் ஐந்தாண்டில் 3.06 சதவீதம், போடாதவர்களில் 1.87 சதவீதம். முன்பு டெங்கு வந்தவர்களிடமோ ஊசி நன்றாகக் காத்தது: 0.75 சதவீதத்துக்கு எதிராக 2.47.

இந்தக் கணக்கை ஏன் முன்பே போடவில்லை என்று எந்தப் பெற்றோரும் கேட்பார்கள். போடுவதற்கு ரத்தம் இல்லை. மூன்றாம் கட்டச் சோதனைகளில் 30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். ஊசி போடுவதற்கு முன் ரத்தம் எடுத்தது அவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டும். ஊசிக்குப் பின் எடுத்த ரத்தம் எல்லோரிடமும் இருந்தது, ஆனால் ஊசியே ஆன்டிபாடியை உண்டாக்கிவிடுவதால் முடக்கச் சோதனையால் பழைய தொற்றைக் கண்டுபிடிக்க முடியாது. அப்போது கைகொடுத்தது வேறொரு புரதம். அந்தத் தடுப்பூசியின் உடற்பகுதி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸ், டெங்குவின் என்.எஸ்-1 புரதம் அதில் இல்லை. ஆகவே டெங்கு என்.எஸ்-1 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி ஒரு குழந்தையிடம் இருந்தால் அது பெரும்பாலும் இயற்கையான தொற்றால் வந்தது. இந்த எலிசா சோதனையைக் கொண்டு, முதல் ஊசிக்கு 13 மாதம் கழித்து எடுத்த ரத்தத்திலிருந்து பின்னோக்கிப் போய் யார் யாருக்கு முன்பே டெங்கு வந்தது என்று வகைபிரித்தார்கள். அறிவியலாக அது அருமையான வேலை. ஆனால் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஊசி போட்ட பிறகு அந்த வேலை நடந்தது என்பதை எப்படி மன்னிப்பது? தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்பிய பிலிப்பைன்ஸ் மக்கள் 2015-இல் 93 சதவீதம் இருந்தார்கள். 2018-இல் அது 32 சதவீதமாகச் சரிந்தது. 2019-இல் அந்நாட்டில் தட்டம்மை பெருகியது.

அப்படியானால் ஆய்வக எண்களை விட்டுவிட்டுக் களச் சோதனையை மட்டும் நம்பினால் போதுமா? அதுவும் முடியாது. பிரேசிலின் புட்டான்டன் நிறுவனத்தின் ஒற்றைத் தவணைத் தடுப்பூசி இரண்டாண்டில் 79.6 சதவீதம் பாதுகாத்தது என்று 2024-இல் முடிவு வந்தது. நல்ல செய்தி. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே சுற்றியவை டெங்கு-1, டெங்கு-2 மட்டுமே. மற்ற இரண்டு வகைகளுக்கு எதிராகக் களம் எதையும் சொல்லவில்லை. களம் மௌனமாக இருக்கும் இடத்தில் ஆய்வகத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது; கேட்கும்போது சரியான முறையில் கேட்க வேண்டும்.

இந்தியாவுக்கு இது நாளைய பிரச்சினை என்று ஒத்திப்போட முடியாது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் முன்னின்று 15 மாநிலங்களில் நடத்திய ரத்த ஆய்வின்படி, 5 முதல் 45 வயதுக்குட்பட்டவர்களில் 48.7 சதவீதத்தினருக்கு ஏற்கெனவே டெங்கு வந்துபோயிருந்தது. தென்னிந்தியாவில் அது 76.9 சதவீதம். நான்கில் மூன்று பேருக்கு முன்பே ஆன்டிபாடி இருக்கும் ஊரில், ஊசி போட்டபின் டைட்டர் ஏறியது என்பது மிகச் சிறிய செய்தி. எந்த வகைக்கு, எவ்வளவு தனித்த ஆன்டிபாடி ஏறியது என்பதே தெரிய வேண்டியது. மீதமுள்ள நான்கில் ஒருவருக்கோ (அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள்) அந்த ஊசி பாதுகாப்பானதா என்பது தனிக் கேள்வி.

பனாசியா பயோடெக் நிறுவனத்தின் ஒற்றைத் தவணைத் தடுப்பூசிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் ரோத்தக்கில் தொடங்கியது. 19 இடங்கள், 10,335 வயதுவந்தோர், இரண்டாண்டுக் கண்காணிப்பு. அதன் முடிவுகள் வரும்போது, பாதுகாப்புச் சதவீதத்தோடு சில விவரங்களையும் நம் செய்தியாளர்கள் கேட்டு வாங்க வேண்டும். டைட்டர் ஐம்பது சதவீதமா, தொண்ணூறா? எந்தச் செல்லில், எந்த ஆண்டுத் திரிபை வைத்து எடுத்தது? நம்மூரில் இப்போது சுற்றும் திரிபுகளையும் முயன்றார்களா? பொது ஆன்டிபாடியை வடித்துவிட்டுப் பார்த்தார்களா? நான்கு வகைகளுக்கும் தனித்தனியாக நோயாளிகள் எத்தனை பேர்?

குழந்தைகளிடம் சோதனை தொடங்கும் நாளில் இந்தப் பட்டியலோடு இன்னொன்றும் சேரும். மணிகளால் வடிக்கும் முறைக்கு வழக்கத்தைவிடச் சீரம் கூடுதலாக வேண்டும். சின்னக் குழந்தையிடம் அவ்வளவு ரத்தம் எடுப்பது கடினம். ஆகவே எல்லோருக்கும் எல்லாச் சோதனையும் செய்ய முடியாது. ஆனால் முதல் ஊசிக்கு முன் ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, இரண்டு சிறு குப்பிகளில் பகிர்ந்து, மைனஸ் 80 டிகிரியில் பத்தாண்டு வைத்திருப்பதற்கு உறைபெட்டியும் தடைபடாத மின்சாரமும் போதும். அந்தச் செலவைச் சோதனையின் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்து, அதைக் கட்டாய நிபந்தனையாக்கிய பிறகுதான் அனுமதி தர வேண்டும்.